மழைக்கு ஒரு சமையல், பனிக்கு ஒரு சமையல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். வேலை திருநெல்வேலியில். பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் நண்பர்களோடு தங்கியிருக்கிறேன். இந்தக் கார்த்திகையில் மழை விட்டபாடில்லை. ஓட்டலுக்குப் போக வழியில்லாத ஒரு ராத்திரி, நான் ஆக்குகிறேன் என்று வாயை விட்டுவிட்டு, அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டு உளுந்தஞ்சோறு வைத்தேன். குழைந்து பசையாகிவிட்டது. கோயம்புத்தூர் நண்பர் ஒருவர், "இதென்ன சாம்பல் கலர்ல?" என்றார். அதோடு விடவில்லை. "உங்க ஊர்ல குளிரே கிடையாது. அப்புறம் எங்கிருந்து குளிர்காலச் சாப்பாடு? காய் வாங்க முடியாத அன்னைக்கு ஆக்குறதை மழைச் சாப்பாடுன்னு பெருமை பேசுறீங்க" என்கிறார். அம்மாவிடம் கேட்டால், "வீட்ல ஒண்ணும் இல்லன்னா உளுந்தஞ்சோறு, வேற என்ன" என்று அவர் பக்கமே சேர்ந்துகொள்கிறாள். இணையத்தில் பார்த்தால் சொதியிலிருந்து சுக்குக் காப்பி வரை எல்லாவற்றுக்கும் 'நெல்லையின் குளிர்கால ஸ்பெஷல்' என்று பெயர் போட்டிருக்கிறார்கள்.

குளிருக்கென்று நமக்கு ஒரு சமையல் உண்டா? உளுந்து உடம்புக்குச் சூடா, குளிர்ச்சியா? பசையாகாமல் வைப்பது எப்படி? எங்களிடம் இருப்பது ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு குக்கரும்தான்.

தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. உங்கள் அம்மா சொன்னது முழுக்கச் சரி. ஒன்றும் இல்லாத நாளில் ஆக்குவதுதான் நம் மழைச் சாப்பாடு. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 

நம் பக்கம் குளிர் கிடையாது என்பதும் உண்மைதான். மார்கழி விடியலில்கூடப் பாளையங்கோட்டையில் 20 டிகிரிக்கு இறங்கினால் பெரிய விஷயம். மேலே மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகளை விட்டால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கும் ஊர் நமக்கு இல்லை. நமக்கு வாய்த்தது ஈரம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஒரு தடவை வரும். தென்காசி, குற்றாலம், உங்கள் பாபநாசம் வரைக்கும் சாரல். பாளையங்கோட்டைக்கு வந்து சேரும்போது வெறும் காற்றும் புழுதியும்தான். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் எல்லோருக்கும் பொதுவாக அடைமழை. அது ஓய்ந்தபின் மார்கழி, தையில் பனி.

மழைக்கும் பனிக்கும் நாம் ஆக்குவது ஒன்றே அல்ல. இரண்டும் நேர் எதிர். இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் 'குளிர்காலம்' என்று ஒரே சட்டியில் போட்டுவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் மழை. கேஸ் அடுப்பு வருவதற்கு முந்திய அடுப்பங்கரையை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் கத்தரி, வெண்டை அழுகிக் கிடக்கும். சந்தைக்கு வண்டி வராது. கடலுக்கு யாரும் போவதில்லை, மீனும் கிடையாது. கீரை வாங்கினால் பாதி மண். இதையெல்லாம்விடப் பெரிய பாடு விறகு. உடைமர விறகு நனைந்துவிட்டால் அது எரியாது, புகையும். ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்து, பற்றிக்கொண்டது என்று நிமிர்ந்தால் அணைந்திருக்கும். அதனால் புரட்டாசியிலேயே சிரட்டை, பன்னாடை, காய்ந்த மட்டை எல்லாவற்றையும் அடுப்புக்கு மேல் பரணில் சேர்த்து வைப்பார்கள். அந்தக் கொஞ்ச நெருப்பில் சோறு தனி, குழம்பு தனி, வெஞ்சனம் (தொடுகறி) தனி என்று மூன்று பானை ஏற்ற முடியுமா? அரிசியும் பருப்பும் ஒரே பானையில் வெந்தாக வேண்டும். தொட்டுக்கொள்ள அம்மியில் அரைத்த துவையல். அதற்கு எள்ளோ காணமோ (கொள்ளு) வறுக்கிற அளவுக்குத் தீ இருந்தால் போதும்.

உளுந்தஞ்சோற்றின் இலக்கணம் இவ்வளவுதான். தொலி உளுந்து (தோல் நீக்காத கறுப்பு உளுந்து), அரிசி, வெள்ளைப்பூடு, வெந்தயம், சீரகம், ஒரு மூடித் தேங்காய். ஒன்றுகூட அன்றைக்கு வாங்கியது கிடையாது, எல்லாமே வீட்டில் இருந்தது. காணத் துவையலும் கஞ்சியும் அப்படித்தான். மிதுக்க வத்தலோ சுண்டை வத்தலோ போட்ட குழம்பும் அப்படித்தான். கருவாட்டுக் குழம்பைச் சொல்லவே வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடியில் காய்ந்ததுதான் கார்த்திகையில் சட்டிக்கு வருகிறது. நம் மழைச் சாப்பாட்டின் ருசி உண்மையில் வெயிலின் ருசி என்று நான் நினைக்கிறேன். (கொத்தவரங்காய் வத்தலை மட்டும் எனக்குப் பிடிக்காது. பிடித்தவர்கள் மன்னிக்கவும்.)

இது ஏதோ பழங்கதை என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். 2023 டிசம்பர் 17, 18-ஐ அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பாலங்களைத் தொட்டுக்கொண்டு ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீருக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே நூற்றுக்கணக்கான ஜனம். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் ஆக்கிப் போட்டார்கள். கடைக்கு ஓடி வாங்கி வந்தா ஆக்கினார்கள்? கடைக்கு வழியே இல்லை. வீட்டில் அரிசியும் பருப்பும் இருந்தன, ஆக்கினார்கள். அந்த வாரம் போனில் ஆர்டர் போட்டுச் சாப்பிட்டுப் பழகியவர்கள் பாடு என்ன ஆனது என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள்.

சரி, சூடா குளிர்ச்சியா? நாட்டு வைத்தியக் கணக்கில் உளுந்து குளிர்ச்சி. வாயுவும் உண்டு என்பார்கள். அதனால்தான் பூண்டை அத்தனை பல் போடுகிறோம், பக்கத்தில் சூடு என்று சொல்லப்படும் எள்ளை வைக்கிறோம். இந்தக் கணக்கில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனக்குப் பாதி உண்டு. நல்லமிளகு சாப்பிட்டால் தொண்டை எரிவது அதிலிருக்கும் பிப்பரின் என்கிற சரக்கினால். அதற்காகத் தெர்மாமீட்டரில் சூடு ஏறிவிடுவதில்லை. ஆனால் நனைந்துவிட்டு வந்த ஆளுக்கு ஆவி பறக்கும் சோற்றில் நல்லெண்ணெயை ஊற்றிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை.

இப்போது உங்கள் பசைக்கு வருவோம். உளுந்தை வறுக்காமல் போட்டிருப்பீர்கள் என்பது என் சந்தேகம். உங்கள் அம்மா போனில் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு அது சொல்ல வேண்டிய சங்கதியே இல்லை, கை தானாகச் செய்துவிடும். வறுக்காத உளுந்து வழுவழுப்பை முழுக்கச் சோற்றில் இறக்கிவிடும். வெறும் சட்டியில், சின்னத் தீயில், வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். தொலி கறுப்பு என்பதால் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும். வறுத்தபிறகு ஒரு தடவை அலசினால் போதும். தேய்த்துக் கழுவித் தொலியைப் போக்கிவிடாதீர்கள். சாம்பல் நிறம் அந்தத் தொலியிலிருந்துதான் வருகிறது. அந்த நிறம் வரவில்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும் என்று நண்பரிடம் சொல்லுங்கள்.

அளவில் ஆசைப்படக் கூடாது. ஓர் ஆழாக்கு அரிசிக்குக் கால் ஆழாக்கு உளுந்தில் ஆரம்பியுங்கள். கை பழகினபிறகு அரை ஆழாக்கு வரை போகலாம். அரிசி, அம்பை 16 மாதிரிக் குண்டுப் புழுங்கலாக இருந்தால் நல்லது. அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம் அது, உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சொத்து. சன்னப் பச்சரிசி என்றால் குழைந்துதான் போகும். புழுங்கலுக்கு, அரிசியும் உளுந்தும் சேர்ந்த அளவைப்போல மூன்று மடங்கு தண்ணீர். பச்சரிசிதான் இருக்கிறது என்றால் இரண்டரை. பூண்டு பத்துப் பன்னிரண்டு பல் முழுசாக, வெந்தயம் அரை ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், தேங்காய்த் துருவல் ஒரு கை, உப்பு. முதல் விசில் வந்ததும் இண்டக்‌ஷனைக் குறைத்துவிடுங்கள். நாலு விசிலில் நிறுத்தி, ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால் மேலே தண்ணீரும் அடியில் பிடித்ததுமாக இருக்கும். திறந்தபிறகு கரண்டியால் கிண்டாமல், கரண்டிக் காம்பால் ஓரத்திலிருந்து லேசாகக் கிளறிவிட வேண்டும்.

துவையலுக்குக் கறுப்பு எள். கழுவி வடித்து, ஈரத்தோடேயே சட்டியில் போடலாம். கொஞ்ச நேரத்தில் படபடவென்று வெடிக்கும். மூடி இல்லையென்றால் எள்ளை அடுப்படி முழுக்கப் பொறுக்க வேண்டியிருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வெடிப்பு குறையத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும். முழுக்க நிற்கட்டும் என்று காத்திருந்தால் கசந்துபோகும், அதற்குமேல் எவ்வளவு புளி வைத்தாலும் சரிப்படாது. நாலு மிளகாய் வத்தல், கோலி அளவு புளி, இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் தேங்காய். யாரிடமாவது மிக்ஸியை இரவல் வாங்கிக் கெட்டியாக அரையுங்கள், தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.

இணையம் சொல்வதில் சிலதைக் கழித்துவிடலாம். சொதி மழைச் சாப்பாடே கிடையாது. அது கல்யாணத்துக்கு அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்து. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தேங்காயைப் பிழிந்து, பாசிப்பருப்பும் காயும் போட்டு, இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுவது. நனைந்த விறகை வைத்துக்கொண்டு யாரும் மூன்று பால் எடுக்க மாட்டார்கள். அல்வாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. அது எல்லாக் காலத்துக்கும் உள்ளது.

சுக்குக் காப்பி மட்டும் உண்மையான மழைச் சரக்கு. அதிலும் சேமிப்புக் கதைதான். பதநீர் இறங்குவது கோடையில். அப்போது காய்ச்சிய கருப்பட்டிதான் ஓலைப்பெட்டியில் அடைமழைக் காலம் வரை இருக்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு இருந்தாலும் ஈரம் பட்டால் கசியத்தான் செய்யும். அதனால் அதையும் புகை படும் இடத்தில் அடுப்புக்கு மேலேயே வைப்பார்கள். அந்தப் புகை வாசம் ஏறிய கருப்பட்டியை உடைத்து, சுக்கு, நல்லமிளகு, கொத்தமல்லி தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் அதன் ருசி தனி. இப்போது கடையில் கிடைக்கும் கருப்பட்டியில் சீனி கலப்பது சாதாரணமாகிவிட்டது. பளபளவென்று, ஒரே அச்சில் வார்த்தமாதிரி இருப்பதை வாங்காதீர்கள்.

அடுத்து பனி. மழை வெறித்து, வயலில் ஈரம் இருக்கும்போதே இளவெயில் வரும். மண்ணுக்கு அடியில் இருந்ததெல்லாம் மேலே வரும் காலம் அது. சிறுகிழங்கு, சேனை, பிடிகிழங்கு, சீனிக்கிழங்கு. ஆவணி, புரட்டாசியில் புதைத்த பனங்கொட்டை முளைவிட்டுப் பனங்கிழங்காகத் தோண்டப்படுவதும் அப்போதுதான். மொச்சை காய்த்துக் கொட்டும். மழையில் பரணைப் பார்த்து ஆக்கிய அதே கை இப்போது சந்தையைப் பார்த்து ஆக்கும். அதனால் பனிக்காலத்தில் வத்தக்குழம்பு வைத்தால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். பொங்கலன்று அத்தனை காயையும் கிழங்கையும் போட்டுக் குழம்பும் அவியலுமாக ஆக்கி, மிஞ்சியதை ஒன்றாகக் கொட்டிச் சுண்ட வைத்தால் மறுநாளைக்குப் பழங்கறி. சித்திரை வெயிலில் அது நிற்காது, தைப் பனியில் நிற்கும். முதல் நாள் குழம்பைவிட எனக்கு மறுநாள் பழங்கறிதான். அதுவும் பழைய சோற்றோடு.

பனங்கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்தால் ஆயிற்று. உங்கள் குக்கரே போதும். சிறுகிழங்குதான் கொஞ்சம் வேலை வாங்கும். உங்கள் நண்பர் நம்மைப் பரிகாசம் செய்ததற்கு அவரிடமே அந்த வேலையைக் கொடுங்கள். மண்ணோடு இருக்கும் கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு பழைய சாக்கில் கட்டி, தரையில் அடித்துத் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். ஒவ்வொன்றாகக் கத்தியால் சீவ உட்கார்ந்தால் விடிந்துவிடும், கையும் கறுத்துப் போகும். வேகவைத்து, உள்ளியும் (சின்ன வெங்காயம்) சீரகமும் தேங்காயும் சதைத்துப் போட்டுப் பிரட்டினால் ரசஞ்சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாம்.

மார்கழி பாதிக்குமேல் பாவூர்சத்திரம் சந்தைக்கு நல்ல கிழங்கு வரும். கீழப்பாவூர், ஆலங்குளம் வயல்களிலிருந்து வருவது. ஊருக்குப் போகும்போது ஒரு நடை போய் வாருங்கள். மண் ஒட்டியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், கழுவி வைத்தது இரண்டு நாளில் கெட்டுவிடும். ரொம்பப் பெரிசும் வேண்டாம், ரொம்பச் சின்னதும் வேண்டாம். சாக்கையும் கடைக்காரரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா