அரசியல் அறிவியல் படிக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு அரசியல் அறிவியல் படிக்க ஆசை. சில நூறு மாணவர்களே உள்ள ஒரு சிறிய கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகை தருகிறார்கள். மீதிக்குக் கல்விக் கடன் வாங்குவதா, என் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுப்பதா? "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று உறவினர்கள் கேட்டுக் கேட்டு எனக்கும் பயம் வந்துவிட்டது.

பதில்: ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைக்காதீர்கள். வயதான பிறகு செலவுக்கு நீங்கள் மகளிடம் கேட்டு நிற்க நேர்ந்தால், இன்று செய்த உதவி அன்று அவள் தலைமேல்தான் வந்து விழும்.

உறவினர்களின் பயத்தை விடுங்கள். அரசு நிர்வாகம், சட்டம், பத்திரிகை, கொள்கை ஆய்வு, கருத்துக்கணிப்பு என்று இந்தப் படிப்புக்குப் பல வழிகள் உண்டு. 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் முனைவர் பட்டம் வாங்கியதே அரசியல் அறிவியலில்தான். என் கவலை வேறு. இந்தத் துறையில் நல்ல சம்பளம் தாமதமாகத்தான் வரும். பட்டம் முடித்ததும் பலர் முதுகலையோ சட்டமோ படிக்கப் போவார்கள், இல்லையென்றால் போட்டித் தேர்வுக்காக இரண்டு மூன்று வருஷம் உட்காருவார்கள். வருமானமே இல்லாத அந்தக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். மூன்று வருஷப் படிப்புக்கு மொத்தம் 100 பங்கு கடன், ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் மூன்றில் ஒரு பங்காக வாங்குகிறீர்கள், 10% கூட்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடியும் அன்றே கடன் 121 ஆகியிருக்கும். அதை 10 வருஷ மாதத் தவணையில் கட்டி முடிக்கும்போது 192-ஐத் தாண்டிவிடும். படிக்கும்போதே வட்டியை மட்டும் வருஷா வருஷம் கட்டி வந்தால், எல்லாம் சேர்த்து 179-க்குள் முடியும். மாதத் தவணையும் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறையும். உங்களால் மாதாமாதம் ஒதுக்க முடிந்த பணம் எதுவோ, அதை இந்த வட்டிக்கே போடுங்கள்.

அடுத்தது அந்த உதவித்தொகை. சேர்க்கைக் கடிதத்தைத் திரும்ப எடுத்து, கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படியுங்கள். என்னிடம் வந்த ஒரு தாய், கசங்கிப்போன கடிதத்தை மேஜைமேல் விரித்து ஒரு வரியை விரலால் காட்டினார். "முதல் ஆண்டுக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் இருந்தது. இரண்டாம் வருஷம் முழுக் கட்டணத்தையும் அவர் நகையை அடகு வைத்துக் கட்டியிருந்தார். எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும், மதிப்பெண் குறைந்தால் நிற்குமா, கட்டணம் ஏறினால் உதவியும் ஏறுமா என்பதையெல்லாம் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லூரி சிறியது என்பதை நான் குறையாகவே பார்க்கவில்லை. வகுப்பில் பதினைந்து பேர் இருந்தால், மகள் எழுதிய கட்டுரை ஓரமெல்லாம் பேராசிரியரின் குறிப்புகளோடு திரும்பி வரும். மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தருபவருக்கு அவளை உண்மையாகவே தெரிந்திருக்கும். ஆனால் துறையில் இரண்டு மூன்று ஆசிரியர்கள்தான் இருப்பார்கள். ஒருவர் போய்விட்டால் சர்வதேச உறவுகள் போன்ற ஒரு பிரிவே நின்றுபோகலாம். கட்டணம் கட்டுவதற்கு முன்னால் துறைத் தலைவரைப் பார்த்து நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், புள்ளியியலும் கணக்கெடுப்பு முறைகளும் பாடத்தில் உண்டா, கடந்த மூன்று வருஷத்தில் படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். புள்ளியியல் இல்லையென்றால் அதை மகள் வெளியிலாவது படிக்கட்டும். ஆய்வு, கருத்துக்கணிப்பு வேலைகளில் முதலில் கேட்பது அதைத்தான்.

கடன் எவ்வளவு வரை போகலாம்? அந்தப் பழைய மாணவர்கள் முதல் வேலையில் வாங்கிய ஒரு வருஷச் சம்பளம்தான் என் எல்லைக்கோடு. அதற்குள் அடங்கினால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். தாண்டினால், தொகையைச் சொல்லிக் கூடுதல் உதவி கேட்டுக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சிறிய கல்லூரிகளில் இதற்குப் பலன் கிடைப்பதை நானே சில முறை பார்த்திருக்கிறேன்.