ஆசிரியை சம்பளம்: கேட்டதும் சொன்னதும்

தனியார் பள்ளிகளில் 26 வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

டீச்சர், எனக்கு அப்புறம் சேர்ந்த சாருக்கு என்னைவிட 4,000 ரூபாய் கூடுதல். கேட்டால், "அவருக்குக் குடும்பம் இருக்கும்மா" என்கிறார் கரஸ்பாண்டன்ட். (ஆசிரியை, நாமக்கல்)

உங்களுக்கு மட்டும் என்னவாம்? ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. 1987இல் ஆட்ரி டி'கோஸ்டா என்ற ஸ்டெனோகிராபரின் வழக்கில், 'கொடுக்க வசதியில்லை' என்ற சாக்கும் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் சண்டைக்குப் போகுமுன் இருவரின் வகுப்பு, வாரப் பீரியட், படிப்பு, அனுபவம் நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவர் பாடம் எடுப்பது பிளஸ் டூவுக்கு, நீங்கள் எடுப்பது ஏழாம் வகுப்புக்கு என்றால் வாதம் நிற்பது கஷ்டம்.

அரசுப் பள்ளியில் இந்த வித்தியாசம் உண்டா?

ஒரே பதவி என்றால் ஊதிய நிலையும் ஒன்றுதான்.

எட்டு வருடமாக ஒரே பள்ளி. ஏப்ரலில் 'ரிலீவ்' எழுதி வாங்கி ஜூனில் புதிதாகச் சேர்க்கிறார்கள். (ஆசிரியை, திண்டுக்கல்)

என்னையும் இப்படி மூன்று முறை செய்தார்கள். நிர்வாகத்துக்கு மே மாதச் சம்பளம் மிச்சம். சர்வீஸும் உடைந்தது போலக் காட்டலாம். கண் வைப்பது கிராஜுவிட்டி மேல், அதாவது தொடர்ந்து வேலை பார்த்தவர் விலகும்போது தர வேண்டிய பணிக்கொடை மேல். 2009 சட்டத் திருத்தம் அதை 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கும் உரித்தாக்கியது. 2022இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. கடைசிச் சம்பளம் 13,000 என்றால் வருடத்துக்கு 7,500, எட்டு வருடத்துக்கு 60,000. வருகைப் பதிவேடு, பேங்க் பாஸ்புக், டைம் டேபிள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பிரசவ விடுப்பும் சர்வீஸில் சேரும்.

பெண்கள் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிப்பதால்தானே கொடுக்கிறார்கள்? (ஓர் ஆசிரியர்)

பாதி உண்மை, தம்பி. முதல் இன்டர்வியூவில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றதும், "நீங்களே பார்த்துப் போடுங்க சார்" என்றவள் நான். மீதிப் பாதி ஃபீஸ் சலுகை. அம்மா வேலையை விட்டால் பிள்ளைக்கு முழு ஃபீஸ் கட்ட வேண்டும். பள்ளியோ வீட்டுக்குப் பக்கம். இது இரண்டும் நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். எனக்கு இன்க்ரிமென்ட் போட்டதே, என் மகள் பத்தாவது முடித்து வேறு பள்ளிக்குப் போன வருடம்தான்.