அறுபது பேரில் மூன்று பேர்

வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டமும் என் பொறுப்பில்தான். பக்கத்துக் கிராமத்து ஏரியைப் பராமரிக்க 'ஏரிக் காவலர்' என்று ஒரு தன்னார்வலர் குழு தொடங்கி, இரண்டு நாள் பயிற்சி கொடுத்தோம். மாணவர்கள், ஊர்க்காரர்கள் எல்லாம் சேர்த்து அறுபது பேர். நீர்நிலைச் சூழல், பறவைகள், பிளாஸ்டிக் குப்பை, தலைமைப் பண்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வந்து பேசினார். கரையில் மரக்கன்று நட்டோம். பனியன், சான்றிதழ் எல்லாம் கொடுத்தோம். எட்டு மாதம் கழித்துக் கூட்டம் போட்டால் மூன்று பேர்தான் வந்தார்கள். கரையோரம் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா, மடை திறக்கிறவரின் மகன், ஏரியை ஒட்டிய தெருவிலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு மாணவி. மற்றவர்களை எப்படித் திரும்பக் கூட்டிவருவது? பயிற்சியில் எதை விட்டுவிட்டோம்? தலைமைப் பண்புக்கு நல்ல பயிற்சியாளர் யாரையாவது சொல்ல முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

அந்த ஐம்பத்தேழு பேரை விட்டுவிடுங்கள். கூப்பிட்டதும் மூன்று பேர் வந்தார்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் அந்த மூவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எழுதிய வேகத்தில் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். மூவரும் ஏரியைத் தினமும் பார்க்கிறவர்கள். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு அது பயிற்சி நடந்த இடம், அவ்வளவுதான். படிப்பு முடிந்தால் மாணவர்கள் போய்விடுவார்கள். அதில் தப்பில்லை, அவர்கள் போகத்தான் வந்தவர்கள்.

பயிற்சியில் நீங்கள் எதையும் விட்டதாகத் தெரியவில்லை. இரண்டு நாளில் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? எனக்கு உறுத்துவது மூன்றாவது நாள்தான். மூன்றாம் நாள் காலையில் அறுபது பேரில் ஒருவர் எழுந்து 'நான் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தும் எனக்கு அது தெரியவில்லை.

சென்னைக் கடற்கரையில் ஆமைக்காக நடக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்று 1988இல் தொடங்கியது. இன்னும் நடக்கிறார்கள். மாணவர்கள் நடத்தும் அமைப்பு, அதாவது ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் அமைப்பு, எப்படி முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் நிற்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஜனவரியில் ஆரம்பித்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் போல இரவில் நடக்க வேண்டும். ஈர மணலில் ஆமை ஏறிப்போன தடமும் இறங்கிப்போன தடமும் டிராக்டர் டயர் பதிந்ததுபோல இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். குழி அங்கேதான் எங்கோ இருக்கிறது, ஆனால் ஆமை அதை மூடி, அழுத்தி, அடையாளம் தெரியாமல் மணலை வாரிவிட்டுப் போயிருக்கும். அனுபவப்பட்டவர் ஒரு குச்சியை மெதுவாக மணலில் இறக்கிப் பார்ப்பார். இறுகிய மணல் குச்சியைத் தடுக்கும். குழி இருக்கும் இடத்தில் குச்சி சட்டென்று இறங்கும். அங்கிருந்து கையால்தான் தோண்ட வேண்டும். முழங்கைக்கு மேல் கை உள்ளே போனபிறகு முட்டை தட்டுப்படும். நூறுக்கு மேல் இருக்கும். எடுத்துப் பைக்குள் வைக்கும்போது உருட்டக் கூடாது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் முட்டையைத் திருப்பினால் கரு செத்துவிடும். பிறகு பொரிப்பகத்தில், அதாவது முட்டைகளைப் பாதுகாப்பாகப் பொரிக்கவிடும் இடத்தில், அதே ஆழத்தில், அதே குடுவை வடிவத்தில் குழி தோண்டிப் புதைத்து, தேதி எழுதி வைக்க வேண்டும். குஞ்சு வெளிவர ஏழு வாரம் போல ஆகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது, ஆகவே வெயிலையும் ஒருவர் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதில் தலைமைப் பண்பு பற்றி எங்கே வகுப்பு எடுத்தார்கள்? ஆனால் குச்சியைப் பிடிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் விடிவதற்குள் கூட்டைக் கண்டுபிடிக்காவிட்டால் நாய் கண்டுபிடித்துவிடும். வேலையிலேயே ஒரு அவசரம் இருக்கிறது, ஒரு பருவம் இருக்கிறது, கற்றுக்கொள்ளப் படிப்படியாக விஷயம் இருக்கிறது. இரவெல்லாம் நடந்து ஒரு தடம்கூடக் கிடைக்காத நாளும் உண்டு. அப்படி வெறுங்கையோடு திரும்பிவிட்டு மறுபடியும் வருகிறவர்தான் தேறுகிறார். யாரை நம்பி அடுத்த ஆண்டு ஒப்படைக்கலாம் என்பது ஒரே பருவத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. நடக்கிறவர்கள் முட்டையை மட்டும் எண்ணுவதில்லை, செத்து ஒதுங்கும் ஆமையையும் எண்ணுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்தது. விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்ற விதி, வலையில் மாட்டிய ஆமை தப்பிக்கும் கருவி எல்லாம் பேச்சுக்கு வந்தன. 'இது வழக்கத்தைவிட அதிகம்' என்று சொல்ல வேண்டுமானால் வழக்கம் எவ்வளவு என்று யாராவது ஆண்டுதோறும் எழுதி வைத்திருக்க வேண்டுமே. தன்னார்வலர் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அந்த நோட்டுதான் என்பது என் எண்ணம். துடைப்பமும் மரக்கன்றும் அப்புறம்தான்.

ஊர்க்காரர்களைச் சேர்ப்பது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அசாமில் காமரூப் மாவட்டத்தில் ஹர்கிலா என்ற பெரிய நாரை, வீட்டுத் தோட்டத்து மரங்களில் கூடு கட்டும். அழுகிய இறைச்சி தின்னும் பறவை. எச்சமும் நாற்றமும் முற்றத்தில் விழும். அபசகுனம் என்றும் நினைத்தார்கள். அதனால் மரத்தையே வெட்டினார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற உயிரியலாளர் அங்கே போய் மரத்துச் சொந்தக்காரர்களையும் அந்த வீட்டுப் பெண்களையும்தான் பிடித்தார். பறவை கூடு கட்டும் பருவத்தில் நம் வளைகாப்பு மாதிரி சடங்கு நடத்தினார்கள். பெண்கள் தறியில் அந்தப் பறவையையே புடவைக் கரையில் நெய்து விற்றார்கள். 2010இல் 28 கூடுகள் இருந்த ஊர்களில் பிறகு 250க்கு மேல் ஆனது. 2022இல் ஐக்கிய நாடுகள் சூழல் அமைப்பின் உயரிய விருது அவருக்குக் கிடைத்தபோது அவரோடு பத்தாயிரம் பெண்களுக்கு மேல் இருந்தார்கள். மரம் யாருடையதோ அவரிடம் முதலில் பேசினார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. உங்கள் பயிற்சியில் ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது ஏரித் தண்ணீரில் பயிர் செய்கிறவர்கள், எத்தனை பேர்? மீன் குத்தகை எடுத்தவரைக் கூப்பிட்டீர்களா? கூப்பிட்டிருந்தால் சண்டை வந்திருக்கலாம். வரட்டுமே. ஏரியில் யார் யாருக்கு என்ன தேவை என்பது அந்தச் சண்டையில்தான் வெளியே வரும்.

சரி, என்ன செய்யலாம்? மடை திறக்கிறவரிடமிருந்து தொடங்குங்கள். மகனை அல்ல, அப்பாவைச் சொல்கிறேன். வரத்து வாய்க்கால் எங்கே அடைபடும், கரையில் எந்த இடம் கசியும், எந்த ஆண்டு ஏரி நிரம்பி உபரி நீர் போகும் கலங்கல் வழிந்தது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அவரைக் கூட்டிக்கொண்டு மூவரும் கரையை ஒரு சுற்று நடக்கட்டும், மாணவி எழுதிக்கொள்ளட்டும். பயிற்சியாளரை எங்கோ தேடிக்கொண்டிருக்கிறீர்கள், அவரோ கரையில் இருக்கிறார். பேசிய நேரத்துக்கு ஒரு தொகையும் கொடுங்கள். வெளியூர் வல்லுநருக்குக் கார் அனுப்பிப் பணமும் கொடுக்கிறோம், ஊர்க்காரர் மட்டும் சும்மா வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அப்புறம் ஏரிக்கென்று ஒரு நாட்காட்டி வேண்டும். அக்டோபருக்கு முன்னால் வரத்து வாய்க்காலைப் பார்ப்பது. மழைக்காலம் முழுக்க மடைச் சுவரில் அளவுக்கோடு போட்டு வாரம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தை எழுதுவது. ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கு. தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் எண்ணுகிறார்கள், பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று எண்ணினாலே போதும், நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். கோடையில் நட்ட கன்றுக்குத் தண்ணீர், ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்ற குறிப்பு. கன்றுகளில் ஆடு எத்தனையைத் தின்றது என்று ஆடு மேய்க்கும் அம்மாவிடம் கேளுங்கள், சிரித்துக்கொண்டே சரியான கணக்கைச் சொல்வார். எங்கே நட்டால் தப்பிக்கும் என்றும் சொல்வார்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள். வேலையைக் குழுவுக்கு அல்ல, ஒரு ஆளுக்குக் கொடுங்கள். அவர் முடியாத வாரத்தில் யாரை அனுப்புகிறார் என்பதை அவரே முடிவு செய்யட்டும். நீங்கள் கேட்ட தலைமைப் பயிற்சி எனக்குத் தெரிந்து இதுதான், பயிற்சியாளர் யாரையும் என்னால் சொல்ல முடியாது. மாணவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்களை மூவரின்கீழ் அனுப்புங்கள். பொறுப்பு ஊரில் இருக்கட்டும், உழைப்பு கல்லூரியிலிருந்து வரட்டும். சான்றிதழ் கொடுக்க வேண்டுமென்றால் ஒரு பருவம் முடிந்தபின் அந்த அம்மா கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002இன்படி உள்ளாட்சிதோறும் ஒரு உயிரியல் பல்வகைமை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். பல ஊர்களில் அது காகிதத்தில்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், மூவரில் ஒருவரையாவது உள்ளே கொண்டுவர முடியுமா என்றும் பாருங்கள். மார்ச் 22, தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடும். அன்றைக்கு அந்த மாணவி நோட்டை வைத்துக்கொண்டு எழுந்து, இந்த மழைக்காலத்தில் ஏரியில் எவ்வளவு தண்ணீர் வந்தது, வாய்க்கால் எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று படிக்கட்டும். தூர்வாரும் வேலையைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லிக் கேட்கட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். பேச அழைத்தாலும் எழுந்திருக்க வேண்டாம்.

அன்புடன்.