வீணை பார்சலில் போனால் எங்கே உடையும், யார் பொறுப்பு?

கேள்வி: அம்மா வாசித்த தஞ்சாவூர் வீணை ஒன்று வீட்டில் சும்மா இருக்கிறது. உருண்டையான குடம், கழுத்துப் போல நீண்ட தண்டி, அதன் முனையில் இருக்கும் யாளித் தலை மூன்றையும் தனித்தனியாகச் செய்து சேர்த்த ஒட்டு வீணை. விளம்பரம் பார்த்துவிட்டுப் புனேயில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் 32,000 ரூபாய்க்குக் கேட்கிறது. பார்சலில் அனுப்பச் சொல்கிறார்கள். வழியில் உடைந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வருமா? எப்படிக் கட்டி அனுப்புவது? – வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். குடத்தின் விளிம்பிலும் தண்டியின் ஓரத்திலும் வெள்ளைக் கோடாகவோ பூவேலையாகவோ பதித்திருக்கும். இப்போது வரும் வீணைகளில் அது பிளாஸ்டிக். பழைய வீணைகளில் யானைத் தந்தமாகவோ மான் கொம்பாகவோ இருக்கலாம். அப்படியிருந்தால் அதை விற்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பரம்பரைச் சொத்து என்ற சமாதானம் செல்லாது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் எங்கும் ஒரே சீராக இருக்கும். தந்தத்தின் வெட்டுமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வலை போல நுண்ணிய வரிகள் தெரியும். சந்தேகம் வந்தால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொண்டு, அதன் பிறகு வாங்குபவரிடம் பேசுங்கள்.

அந்தச் சிக்கல் இல்லை என்றால், அடுத்தது பொறுப்பு யாருக்கு என்பது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் பொது விதி இது: வாங்குபவருக்குக் கொண்டு சேர்க்கச் சொல்லி லாரிக்காரரிடமோ கூரியரிடமோ பொருளை ஒப்படைத்துவிட்டால், அது வாங்குபவரிடமே ஒப்படைத்ததற்குச் சமமாகக் கொள்ளப்படும். ஆனால் இது நீங்களும் அவரும் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரைக்கும்தான். ‘பத்திரமா வந்து சேரும், நான் பொறுப்பு’ என்று ஒரு வரி வாட்ஸாப்பில் எழுதிவிட்டால் அதுதான் ஒப்பந்தம். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பொருளின் தன்மைக்கு ஏற்றபடி நியாயமான முறையில் அனுப்ப ஏற்பாடு செய்வது விற்பவரின் கடமை. சாக்கில் சுற்றி, மதிப்பும் குறிப்பிடாமல் ஏற்றிவிட்டால், ‘இதை ஒப்படைத்ததாக ஏற்க மாட்டேன்’ என்று சொல்ல வாங்குபவருக்கு உரிமை உண்டு. ஆகவே முன்பணம் வாங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்: பெட்டிச் செலவு யாருடையது, வாடகை யாருடையது, காப்பீடு யார் பெயரில், வழியில் சேதமானால் நஷ்டம் யாருக்கு, மெட்டு (தண்டியின் மேல் மெழுகில் பதித்திருக்கும், விரல் வைத்து அழுத்தும் உலோகக் கட்டை) நகர்ந்து வந்தால் சரிசெய்யும் கூலி யாருக்கு. இந்த ஐந்துக்கும் அவரிடமிருந்து ‘சரி’ என்று பதில் வந்தாலே போதும், முத்திரைத்தாள் தேவையில்லை.

முன்பணம் விஷயத்தில் ஒன்று. பணம் பெற நீங்கள் கியூஆர் குறியை ஸ்கேன் செய்யவோ யூபிஐ பின் எண்ணைப் போடவோ வேண்டியதே இல்லை. கேட்டால் ஆள் மோசடிக்காரர். வங்கிக் கணக்கில் தொகை ஏறிவிட்டதா என்று கணக்கையே திறந்து பாருங்கள். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பெட்டியை ஏற்றாதீர்கள்.

இனி வீணை. பலரும் வெளியிலிருந்து வரும் அடிக்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் பெட்டிக்குள்ளேயே மூன்று ஆபத்துகள் உட்கார்ந்திருக்கின்றன: குடத்தின் கனம், தந்தியின் இழுவை, மெட்டுக்கு அடியில் இருக்கும் மெழுகு.

வீணையின் கனத்தில் பெரும்பங்கு குடத்தில் இருக்கிறது. பெட்டியைத் தலைப்பக்கமாகக் கீழே போட்டால் தண்டி நின்றுவிடும், குடம் நிற்காது. அந்த வேகம் முழுவதும் குடமும் தண்டியும் சேரும் இடத்தில் வந்து விழும். ஒட்டு வீணையில் அங்கேதான் இணைப்பு. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையாக இருந்தால் அங்கே தாங்கும், ஆனால் யாளி முகம் போகும். முன்னால் நீட்டிக் கீழே வளைந்து நிற்கும் யாளிதான் பெட்டியில் முதலில் முட்டுவது.

தந்தியை முறுக்கும் பிருடைகளையும் மறக்காதீர்கள். பிருடை கூம்பு வடிவம். பக்கவாட்டிலிருந்து அதன் காதில் அழுத்தம் விழுந்தால் அது ஆப்பு மாதிரி துளைக்குள் இறங்கி மரத்தைப் பிளந்துவிடும். தண்டியின் பக்கத்தில் தாளத் தந்திக்கான மூன்று பிருடைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். நுரையை இறுக்கித் திணித்தால் பத்திரம் என்று நினைத்து நாமே இந்தச் சேதத்தைச் செய்துவிடுவோம்.

மெழுகு விஷயத்தில் மாதம் முக்கியம். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். ஆனால் 35 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். குங்கிலியம் சேர்த்த வீணை மெழுகு கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவே. கன்னியாகுமரி–புனே ரயில் ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர் வழியாகப் போகிறது. மே மாதம் அந்தப் பக்கம் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும்; வெயிலில் நிற்கும் பார்சல் பெட்டிக்குள்ளும் மூடிய லாரிக்குள்ளும் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகு இளகிய நேரத்தில் வண்டி குலுங்கினால் 24 மெட்டுகளும் மயிரிழை மயிரிழையாக இடம் மாறும். பார்த்தால் தெரியாது, வாசித்தால் சுருதி ஒட்டாது. அது உடைப்பு அல்ல. மறுபடி மேளம் கட்டினால், அதாவது மெழுகில் மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாகப் பதித்தால், சரியாகிவிடும். ஆனால் புனேயில் மேளம் கட்டத் தெரிந்த ஆளைத் தேடுவது வாங்குபவரின் பாடு. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மார்ச் முதல் ஜூன் பாதி வரை அனுப்பாமல் இருப்பது உத்தமம். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் நல்ல காலம் என்று மிஞ்சுவது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான். அப்போதும் இங்கிருக்கும் ஈரக்காற்றில் பழகிய பலா மரம் புனேயின் வறட்சியில் சுருங்கும். இணைப்பில் ஏற்கெனவே மயிர்க்கோடு இருந்தால் அது விரியும். அந்தக் கோட்டை மறைக்காமல் படம் எடுத்து அனுப்புங்கள்.

கட்டும் முறைக்கு வருவோம். தண்டிக்கு அடியில் யாளிப் பக்கம் இருக்கும் சுரைக்காயை முதலில் கழற்றுங்கள்; திருகினால் வந்துவிடும். அதைத் தனி அட்டைப்பெட்டியில் வைத்துப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். இழுவை குறைய, ஏழு தந்திகளையும் பிருடையைத் திருப்பி, தொட்டால் தொளதொளவென்று அசையும் அளவுக்குத் தளர்த்துங்கள். குடத்தின் ஓரத்தில் தந்திகளைக் கட்டியிருக்கும் நாகபாசத்தில், சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் லங்கர்கள் இருக்கும்; அவை தொங்கி ஆடிக் குடத்தின் மேல்பலகையைக் கீறும். அவற்றுக்கு அடியில் பஞ்சுத் துணி மடித்து வையுங்கள். தந்தி தளர்ந்தால், குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை அசையத் தொடங்கும். அசைகிறது என்றால் அதன் கால்களைச் சுற்றிப் பலகையில் பேப்பர் டேப் ஒட்டி, டேப்பின் மேல் பென்சிலால் இடத்தைக் குறித்து, ஸ்கேல் வைத்துப் படமும் எடுத்துக்கொண்டு, குதிரையைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். மேலே இருக்கும் பித்தளைத் தகடுதான் நாதத்தின் உயிர். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் தந்தி கரகரக்கும்.

பாலிஷ் மேல் நேராக பபிள் ஷீட் சுற்றாதீர்கள். வெயிலில் குமிழ் வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும், பழைய அரக்குப் பாலிஷ் என்றால் ஒட்டியே போகும். ரப்பர் மெத்தைத் துண்டு நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கிறது. அதுவும் பாலிஷைக் கறையாக்கும். துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் பபிள் ஷீட்டைக் குமிழ் வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள். தேங்காய்த் தும்பு திணிக்கவே வேண்டாம். ஈரத்தை இழுத்து வைக்கும், தூசும் உதிரும். தெர்மாகோல் மணியும் உதவாது. இரண்டாயிரம் கிலோமீட்டர் அதிர்வில் மணியெல்லாம் அடியில் இறங்கி வீணை மேலே மிதக்கும்.

பெட்டியை ஆசாரியிடம் செய்யச் சொல்லுங்கள். 6 மில்லிமீட்டர் பிளைவுட், மூலைகளிலும் ஓரங்களிலும் உள்பக்கம் ரீப்பர் கட்டை. ஆணி வேண்டாம், ஸ்குரூ போடச் சொல்லுங்கள். வீணை உள்ளே இருக்கும்போது சுத்தியல் அடிப்பது நாமே கொடுக்கும் அதிர்ச்சி. அந்தப் பக்கம் கடப்பாரை போட்டுப் பிளப்பதும் தவிரும். எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி, யாளிப் பக்கம் 8. உள்ளே மூன்று இடத்தில் மட்டும் தாங்கல்: குடத்துக்கு அடியில் அதன் வளைவுக்கு வெட்டிய கெட்டி நுரை, தண்டிக்கு இரண்டு இடத்தில் பள்ளம் வெட்டிய நுரைக்கட்டை. மூடியின் உள்பக்கமும் தண்டிக்கு நேராக நுரை. யாளி, பிருடை, குதிரை மூன்றின் மேலும் எதுவும் படக்கூடாது; அவை காற்றில் நிற்கட்டும். 200 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழை இல்லாத நாளில் மூடுங்கள். மூடிய பிறகு ஒரு முனையை ஒரு சாண் தூக்கி மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தாலும் திறந்து மறுபடி கட்டுங்கள். இரு முனையிலும் கயிற்றுக் கைப்பிடி போடுங்கள். இருவர் தூக்க வசதி இருந்தால் இருவர் தூக்குவார்கள். இல்லாவிட்டால் ஒருவர் நிமிர்த்தி உருட்டுவார். ‘கண்ணாடிப் பொருள்’ ஸ்டிக்கரைவிட இந்தக் கைப்பிடி அதிகம் காப்பாற்றும்.

வாடகையில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. பெட்டியோடு சேர்த்து எடை 25 முதல் 28 கிலோதான் வரும். ஆனால் கூரியர்கள் எடையையும் கொள்ளளவையும் பார்த்து எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பொதுவான கணக்கு. 145க்கு 50க்கு 45 பெட்டி என்றால் 65 கிலோவுக்கு மேல் வரும். அளவைச் சொல்லி விலை கேளுங்கள், எடையைச் சொல்லிக் கேட்காதீர்கள்.

லாரி பார்சலில் போட்டால், பெட்டியின் மதிப்பு என்னவாக இருந்தாலும் சாதாரணமாகக் கிடைக்கும் இழப்பீடு கட்டிய வாடகையின் பத்து மடங்குதான். 2011ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்கு விதிகளில் அப்படி இருக்கிறது. 2,000 ரூபாய் வாடகை என்றால் 20,000. உங்கள் 32,000இல் 12,000 காற்றில் போகும். கூடுதல் கட்டணம் கட்டி முழு மதிப்பையும் எழுதி, எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ (நஷ்டம் பொருளின் சொந்தக்காரருக்கே) என்று ரசீதில் இருந்தால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சேதமானால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கூரியர் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் தனி உச்சவரம்பு இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் போக்குவரத்துக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். பழைய இசைக்கருவிக்குச் செல்லுமா, கட்டியது சரியில்லை என்று மறுப்பார்களா என்பதை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் பார்சலில் மதிப்பைக் குறிப்பிட்டு அதற்கான சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால் இழப்பீடு கிலோவுக்கு 50 ரூபாய்தான். 27 கிலோவுக்கு 1,350 ரூபாய்! கோரிக்கை எழுத ஆறு மாதம் கெடு. உங்கள் பக்கத்து ரயில் நிலையமான குழித்துறையில் வண்டி நிற்பது சில நிமிடம் என்பதால் நாகர்கோவில் சந்திப்பு பார்சல் அலுவலகத்திலேயே பதிவு செய்யுங்கள். ஆம்னி பஸ் அடிப்பெட்டியைப் பரிந்துரைக்க மாட்டோம். சூடும் அதிகம், வழியெல்லாம் மூட்டையை இழுத்துப் போடுவார்கள், ரசீதும் பெயருக்குத்தான்.

வெளிப்படையாகச் சொன்னால், பெட்டிக்கும் வாடகைக்கும் காப்பீட்டுக்கும் ஆகும் பணத்தைக் கூட்டிப் பாருங்கள். வாங்குபவர் ஒரு முறை நேரில் வந்து வாசித்துப் பார்த்து, கையோடு ரயிலில் தன் படுக்கையிலேயே கிடத்தி எடுத்துப் போவது அதைவிட அதிகம் ஆகாது. நாங்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

அனுப்புவதே முடிவு என்றால் ஆதாரம் சேருங்கள். வெட்டாத ஒரே வீடியோவில் நான்கு பக்கமும், ஏழு தந்தியும், 24 மெட்டும் வாசித்துக் காட்டி, அப்படியே கட்டி, மூடி, பெட்டியின் மேல் ரசீது எண்ணை எழுதுவது வரை இருக்க வேண்டும். ‘பயன்படுத்திய சொந்தப் பொருள்’ என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் கூடவே போகட்டும். பதிவு அலுவலகத்தில் கேட்பார்கள்.

புனேயில் பெறுபவருக்கும் வேலை உண்டு. பெட்டி நசுங்கியிருந்தால் ‘சேதத்துடன் பெற்றேன்’ என்று டெலிவரித் தாளில் எழுதிய பிறகே கையெழுத்து. திறப்பதையும் வெட்டாத வீடியோவாக எடுக்க வேண்டும். பெட்டியை ஒரு நாள் அறையில் அப்படியே வைத்து, உள்ளே இருக்கும் சூடும் மெழுகும் அறைக்குப் பழகிய பிறகு திறக்கட்டும். வந்த அன்றே முழுச் சுருதிக்கு ஏற்றக்கூடாது. குதிரையைக் குறித்த இடத்தில் வைத்து, முதல் நாள் பாதி, இரண்டு மூன்று நாளில் மீதி. மிச்சப் பணத்தை அவர் பெட்டியைத் திறந்து பார்த்த அன்று தருவதா, சுருதி ஏற்றி வாசித்துப் பார்த்த பிறகு தருவதா என்பதையும் அந்த வாட்ஸாப் பட்டியலில் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.