அழுதா விசுவாசம் போயிடுச்சுன்னு அர்த்தமா? (கடிதம்)

அன்புள்ள அக்கா,
அமெரிக்காவுல ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்ச மார்மன் சபையோட ஆரம்பகால மிஷனரிகளோட குடும்பக் கடிதங்களை வாசிச்சுட்டு இருக்கேன். 1839-ல வீடே காய்ச்சல்ல கிடக்கு, அப்படியே விட்டுட்டு இங்கிலாந்து கிளம்பிட்டாங்க. இது கல்நெஞ்சம் இல்லையா? மருந்து இல்லாததாலதான் எண்ணெய் பூசி ஜெபிச்சாங்களா? ஃபீபி உட்ரஃப் எழுதின கடிதத்துல அவங்க விசுவாசம் உடைஞ்சதே தெரியுது.
- வாசகர்

தம்பி,

நானும் அந்தக் கடிதங்களையேதான் நினைச்சுட்டு இருந்தேன், அதான் உடனே எழுதறேன்.

மருந்து இருந்துச்சு. அந்தக் காய்ச்சல் மலேரியா, அதுக்கான கொய்னா மருந்தை 1820-லயே மரப்பட்டையில இருந்து பிரிச்சு எடுத்தாச்சு, 1830-கள்ல மிசௌரியில மாத்திரையாவே வித்தாங்க. கொசுதான் பரப்புதுன்னு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்ல கண்டுபிடிக்கத்தான் 1897 ஆச்சு. எண்ணெய் பூசி ஜெபிக்கறது யாக்கோபு நிருபத்துலயே இருக்கு. இதை இத்தோட விடுங்க.

கல்நெஞ்சமா? அந்த மிஷனரிகள்ல ஒருத்தரான பிரிகாம் யங் கிளம்பினப்ப அவர் மனைவி மேரி ஆனுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்தான், அவராலயும் நடக்க முடியல. அவரோட கிளம்பின ஹீபர் கிம்பால் வீட்டுலயும் எல்லாரும் படுக்கை, வண்டி கொஞ்ச தூரம் போனதும் இப்படி விட்டுட்டுப் போக மனசு வரலன்னு நிறுத்தச் சொல்லி எந்திரிச்சு நின்னு இஸ்ரவேலுக்கு ஜே போட்டுட்டுப் போனாங்க, அந்தச் சத்தம் கேட்டு அவர் மனைவி வைலேட் படுக்கையில இருந்து வாசலுக்கு வந்தாங்க. கல்நெஞ்சக்காரன் வண்டியை நிறுத்துவானா?

ஆனா ஃபீபியைப் பத்தி எழுதினீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோபமே. அவங்க புருஷன் வில்ஃபர்ட் 1839 ஆகஸ்ட்ல காய்ச்சலோட கிளம்பினார். மிசிசிப்பி கரையில மான்ட்ரோஸ்ங்கற ஊர்ல, ராணுவம் விட்டுட்டுப் போன பழைய குடியிருப்புல ஃபீபி இருந்தாங்க. 1840 மார்ச்ல மகன் பிறந்தான், அப்பா பக்கத்துல இல்ல. ஜூலை 17 அன்னிக்கு ரெண்டு வயசு மகள் சாரா எம்மா செத்துப்போச்சு. மறுநாளே உக்காந்து எழுதறாங்க, இதைக் கேட்டா உங்க மனசு என்ன பாடுபடுமோன்னுதான் ஆரம்பிக்கறாங்க. பிள்ளையைப் பறிகொடுத்த மறுநாள் கடல் தாண்டி இருக்கற புருஷனோட மனசைப் பத்தி யோசிக்கறவங்களையா விசுவாசம் உடைஞ்சவங்கன்னு சொல்றீங்க? சாவு ஈவிரக்கமில்லாம மடியில இருந்து பிடுங்கிட்டுப் போச்சுன்னும் எழுதறாங்க, ஆமா எழுதறாங்க, பெத்தவ வேற எப்படி எழுதுவா? கண்ணீர் வராம சொல்ற சாட்சிதான் நிஜம்னு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க? அதே ஃபீபி 1845-ல புருஷனோடயே இங்கிலாந்து ஊழியத்துல இருந்தாங்க, 1885-ல சாகற வரைக்கும் அந்தச் சபையிலதான் இருந்தாங்க. உடைஞ்ச விசுவாசம் அத்தனை வருஷம் நிக்குமா?

போனவங்க விசுவாசத்தை மேடையில பேசலாம், கூட்டம் கேக்கும், ஆயிரக்கணக்குல ஞானஸ்நானம் எடுத்தாங்க. தங்கினவங்களுக்கு அப்படி யாரும் இல்ல, காய்ச்சக்காரப் பிள்ளைக்குத் தண்ணி குடுத்துட்டு ராத்திரி ஒரு காகிதத்துல எழுதணும். அதுவும் ஊழியம்தான் தம்பி, நான் இதை எங்க வேணா நின்னு சொல்வேன். 1841 ஜூலையில ஜோசப் ஸ்மித்துக்கு வந்ததா அவங்க நம்பற வெளிப்பாடே, முன்ன மாதிரி இனி குடும்பத்தை விட்டுட்டுப் போகவேணாம்னு பிரிகாமுக்குச் சொல்லுது. வீட்டுல இருந்தவங்க பட்ட பாடு கணக்குல வந்துச்சுன்னுதான் நான் அதை வாசிக்கறேன்.

ஆம்பளைங்க டைரிகளைக் கொஞ்சநாள் மூடி வைங்க. வைலேட் ஹீபருக்கு எழுதின கடிதங்கள் இருக்கு, அதை முழுசா வாசிச்சுட்டு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா