கிருமி நுழைந்ததைக் கலம் எப்படி அறிகிறது? கேள்வி பதில்

நான் கொழும்பில் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்து சொல்ல மாட்டேன்.

பம்பலப்பிட்டி, உயர்தர மாணவி: அக்கா, கிருமியை எதிர்க்கும் புரதமான பிறபொருளெதிரி (antibody) உருவாக நாட்கள் எடுக்குமே. அதுவரை?

அதுவரை கலமே பார்த்துக்கொள்ளும், தங்கச்சி. கிருமியின் பெயர் தெரிய வேண்டியதில்லை. நம்மிடம் இல்லாத, கிருமியிடம் மட்டும் உள்ள பொருளைத் தொட்டறிந்தால் போதும். இப்படித் தொட்டறியும் கலப் புரதங்களில் ஒரு வகைதான் டோல் வாங்கிகள். மனிதரில் 10 உண்டு, எண்ணால் அழைப்போம். 4ஆவது, கிராம் எதிர்ப் பற்றீரியாவின் (இரண்டு மென்சவ்வுள்ள வகை) வெளிமென்சவ்விலுள்ள லிப்போபொலிசக்கரைட்டை, அதாவது கொழுப்பும் வெல்லமும் சேர்ந்த பொருளை, பிடிக்கும். 5ஆவது, கிருமி நீந்த உதவும் வால் போன்ற சவுக்குமுளையின் புரதத்தை. கிருமி கலத்துக்குள்ளேயே புகுந்துவிட்டால் நொட் 1, நொட் 2 என்ற உள் வாங்கிகள் அதன் சுவர்த் துண்டுகளை உணரும். டோலின் காவல் வேலையை 1996இல் ஹொஃப்மன் குழு பழ ஈயில்தான் கண்டது. 1998இல் பொய்ட்லர் குழு சுண்டெலியில் 4ஆவதின் வேலையைக் காட்டியது. ஹொஃப்மனும் பொய்ட்லரும் 2011 நோபலைப் பகிர்ந்தார்கள்.

வெள்ளவத்தை: நிர்ப்பீடனத்தை (நோய் எதிர்ப்புச் சக்தியை) கூட்ட என்ன குடிக்கலாம்?

இந்த வாங்கிகளைக் கூட்டும் பானம் எதுவும் இல்லை. கொத்தமல்லித் தண்ணீர் இதமாக இருக்கும், குடியுங்கள்.

கொட்டாஞ்சேனை: எலிக்காய்ச்சல் கிருமி எலியிடம் சும்மா இருக்கிறது, நம்மை மட்டும் ஏன் சாய்க்கிறது?

இதற்காகத்தான் காத்திருந்தேன், அண்ணா. எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டொஸ்பைராவின் லிப்போபொலிசக்கரைட்டு அமைப்பில் வேறுபட்டது. சுண்டெலியின் 4ஆவது வாங்கி அதைக் கண்டுகொள்கிறது, நம்முடையது கண்டுகொள்வதில்லை. எலி சாகாமல் சிறுநீரகத்தில் கிருமியைச் சுமந்து திரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

தெஹிவளை: பிழை. அதற்குச் சவுக்குமுளை இருக்கிறதே, 5ஆவது பிடிக்காதா?

இருக்கிறது, ஆனால் வெளியே இல்லை. இரண்டு மென்சவ்வுகளுக்கு இடையே சுருண்டு கிடக்கிறது, வாங்கிக்கு எட்டாது.

தெஹிவளை, மீண்டும்: அப்படியென்றால் நம் உடலுக்கு ஒன்றுமே தெரியாதா?

அப்படிச் சொல்லவே இல்லை! 2ஆவது வாங்கி அதன் லிப்போபுரதங்களை (கொழுப்பு ஒட்டிய புரதங்களை) உணர்கிறது. ஒரு கண் மறைந்தால் மற்றக் கண் உண்டு. ஆனாலும் முக்கியமான காவல் ஒன்று போய்விடுகிறது. எலியின் சிறுநீர் வெள்ளத்தில் கலக்கும், அதனால் வெள்ளத்தில் நடந்தபின் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் வெள்ளத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

கிருலப்பனை: நிர்ப்பீடனம் கூட எந்த விற்றமின்?

மேலே வெள்ளவத்தைக்குச் சொன்னதை வாசியுங்கள். மீண்டும் சொல்ல மாட்டேன்.

மட்டக்குளி: வடிகால் துப்பரவாக்குகிறேன். எலிக்காய்ச்சல் வராமலிருக்க, போன வருடம் மிஞ்சிய டொக்ஸிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையைப் போடலாமா?

வேண்டாம், அண்ணா, மிஞ்சிய குளிசையைத் தொடவே வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் உங்கள் வேலை என்னவென்று சொல்லுங்கள். தடுப்பு மருந்து வேண்டுமா, எவ்வளவு என்று அங்கே முடிவுசெய்வார்கள். காலில் புண் இருந்தால் சப்பாத்து இல்லாமல் இறங்காதீர்கள்.