சம்பள வேலையை விட்டு வந்தவருக்கு விவசாய மானியம் கிடைக்குமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். 2023-ல் வேலையை விட்டு ஊருக்கு வந்து மஞ்சளும் தக்காளியும் போடுகிறேன். நிலம் 4 ஏக்கர் 20 சென்ட் புஞ்சை. அப்பா, சித்தப்பா பேரில் கூட்டுப்பட்டா. அப்பா 2022-ல் காலமாகிவிட்டார். வேலையில் இருந்தபோது வருமான வரி கட்டியிருக்கிறேன். "நீங்க பரம்பரை விவசாயி கணக்குல வர மாட்டீங்க. 12,000 குடுங்க, சொட்டுநீர், பிஎம் கிசான் ரெண்டையும் முடிச்சுத் தரேன்" என்கிறார் ஒரு ஏஜெண்ட். கொடுக்கலாமா? (வாசகர், கோபிசெட்டிபாளையம் வட்டம்)

பதில்: கொடுக்காதீர்கள். 'பரம்பரை விவசாயி' என்று எந்த விண்ணப்பத்திலும் ஒரு கட்டம் கிடையாது. முன்பு என்ன வேலை பார்த்தீர்கள், ஏன் விவசாயத்துக்கு வந்தீர்கள் என்றும் யாரும் கேட்கப்போவதில்லை. பட்டாவில் யார் பேர் இருக்கிறது, அவ்வளவுதான் கேள்வி. முப்பது வருஷமாக வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவருக்கு பிஎம் கிசானில், அதாவது மத்திய அரசு விவசாயிகளுக்கு வருஷாவருஷம் தரும் உதவித்தொகையில், ஒரு பைசா கிடையாது. சென்னையில் இருந்துகொண்டு பட்டா மட்டும் வைத்திருப்பவருக்கு வருஷம் 6,000 ரூபாய் வந்துவிடும். இதுதான் நம் ஏற்பாட்டின் லட்சணம்.

உங்கள் சிக்கல் பட்டாவில் இருக்கிறது. அப்பா பேரில் இருக்கும்வரை நீங்கள் எதற்கும் விண்ணப்பிக்க முடியாது. முதலில் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்குப் போடுங்கள். அரசுக் கட்டணம் 60 ரூபாய். அதில் அம்மா, உடன்பிறந்த சகோதரிகள் எல்லோர் பேரும் வர வேண்டும். "தங்கச்சி பேரை விட்டுடலாம், வேலை சீக்கிரம் முடியும்" என்று ஏஜெண்ட் சொல்வார். பெண்ணுக்கும் சம பங்கு உண்டு. நாளைக்கு அவர் ஆட்சேபித்தால் பட்டா, மானியம் இரண்டுமே சிக்கலில் மாட்டும். வாரிசுச் சான்று வந்ததும் அதை வைத்துப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். அதன்பிறகு வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. உங்களுக்கு வேறு நிலம் இல்லையென்றால் கவலையே வேண்டாம். சித்தப்பாவோடு கூட்டுப்பட்டா தொடர்ந்தால் அவருடைய சம்மதக் கடிதமும் வாங்கிவையுங்கள்.

இனி பிஎம் கிசான். 1.2.2019-க்குப் பிறகு பேர் மாறிய நிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது என்பது பொது விதி. ஏஜெண்ட் பயமுறுத்துவது இதை வைத்துத்தான். ஆனால் நில உடைமையாளர் இறந்து, வாரிசுக்கு வந்த நிலத்துக்கு இந்தத் தேதி பொருந்தாது. உங்கள் அப்பா இறந்தது 2022 என்பதாலோ, பட்டா இனிமேல்தான் மாறும் என்பதாலோ தகுதி போகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வேலையைச் சுருக்க, சித்தப்பாவும் தன் பங்கை உங்களுக்கே எழுதித் தரட்டும் என்று பத்திர எழுத்தர் தான செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் உறவினருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம்) போட்டுக் கொடுப்பார். சித்தப்பா உயிரோடு இருக்கிறார், பத்திரமும் 2019-க்குப் பிந்தையது. அதனால் அந்தப் பங்கு வாரிசுரிமை ஆகாது. இரண்டையும் ஒரே பட்டாவில் கலந்துவிட்டால், ஆய்வுக்கு வருகிறவருக்கு எது வாரிசாக வந்தது, எது எழுதி வாங்கியது என்று புரியவைப்பதற்குள் உங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அப்பா பங்கு தனியாக, வாரிசு வழியில் மட்டும் வரட்டும்.

வருமான வரி: எப்போதோ கட்டியது கணக்கில்லை. கடைசிக் கணக்கீட்டு ஆண்டில் கட்டியிருந்தால்தான் பிஎம் கிசானில் தகுதியில்லை. மனைவியையும் சேர்த்தே ஒரு குடும்பமாகப் பார்ப்பார்கள், அவர் வரி கட்டினாலும் அப்படியே. சொட்டுநீருக்கு இந்த வரிக் கேள்வியே கிடையாது. பிஎம் கிசானில் வரி கட்டினீர்களா என்ற கேள்விக்கு ஏஜெண்ட் 'இல்லை' என்று டிக் அடித்துவிடுகிறேன் என்றால் விடாதீர்கள். 2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் தகுதியில்லாத லட்சக்கணக்கானவர்களைத் தரகர்கள் பிஎம் கிசானில் ஏற்றினார்கள். விஷயம் வெளியே வந்ததும் பணத்தைத் திரும்ப எடுத்தது பேர் கொடுத்தவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து. தரகர் வாங்கிய கமிஷன் திரும்பி வரவில்லை.

சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. ஜிஎஸ்டியும் அரசே ஏற்கிறது. 'ஜிஎஸ்டி மட்டும் நீங்க கட்டுங்க' என்றால் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள். அரசு நிர்ணயித்த தொகைக்கு மேல் நீங்கள் கேட்டு வாங்கும் கூடுதல் சாமானுக்கு மட்டும் உங்கள் கையிலிருந்து போகும். தோட்டக்கலைத் துறையின் இணையதளத்தில் நீங்களே பதியலாம். வட்டார அலுவலகத்துக்குச் சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு விவசாயி சான்று, மண், நீர்ப் பரிசோதனை முடிவு கொண்டுபோனால் அங்கேயே பதிந்தும் தருவார்கள். சொட்டுநீர் சாமான் போடும் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், டீலர் அல்ல. வேலை உத்தரவு வருமுன் குழாய் இறக்கவிடாதீர்கள்.

மானியம் போவது கம்பெனிக்கு, உங்கள் கணக்குக்கு அல்ல. குழாயைக் குறைத்துப் போடும் ஆசை அங்கேதான் வருகிறது. வரிசைக்கு வரிசை 5 அடி என்றால் ஏக்கருக்குப் பக்கக்குழாய் (பயிர் வரிசையோடு ஓடும் குழாய்) சுமார் 2,650 மீட்டர் வேண்டும். இறக்கும் அன்றே சுருள்களை எண்ணி, ஒவ்வொன்றிலும் எத்தனை மீட்டர் என்று பார்த்துப் பெருக்கிவிடுங்கள். உள்ளே சொட்டுவான் (தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் பாகம்) பதித்த குழாய் என்றால் மேலே ஐஎஸ் 13488 என்று அச்சிட்டிருக்கும். கிணற்றுத் தண்ணீரில் பாசி இருந்தால் மணல் வடிகட்டி கேளுங்கள். வெறும் வலை வடிகட்டி வைத்துவிட்டுப் போனால் பாசி நுழைந்து சொட்டுவான் அடைத்துக்கொள்ளும், குழாய் மேல் பழி போடுவீர்கள்.

கடைசியாக, வேலை முடிந்ததை எல்லோரும் சேர்ந்து பார்த்ததாகச் சொல்லும் கூட்டாய்வுப் படிவத்தில் உங்கள் கையெழுத்து கேட்பார்கள். டீலர் முதல் நாளே வெற்றுப் படிவத்தில் வாங்கப் பார்ப்பார். மோட்டாரைப் போட்டு, கடைசி வரிசையின் நுனியில் ஒரு டம்ளர் வைத்து, தண்ணீர் விழுவதைப் பார்த்த பிறகு போடுங்கள். மஞ்சள் நடவு வைகாசி, ஆனியில் என்றால் குழாய் அதற்கு முன்பே இறங்கியாக வேண்டும். பட்டா மாறுதலில்தான் மாதங்கள் போகும், உட்பிரிவு வேண்டும் (பங்கை அளந்து தனியாகப் பிரிக்க வேண்டும்) என்று நில அளவருக்குக் காத்திருக்க நேர்ந்தால் இன்னும் இழுக்கும். வாரிசுச் சான்றுக்கு இந்த வாரமே போட்டுவிடுங்கள்.